ஆறு ஏறும் நேரம் பார்த்துப் படகு ஏறுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் கொல்லத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மன்றோ துருத்தை, அதாவது மன்றோ தீவைப் பற்றி எழுதியிருந்தேன். கல்லடா ஆறு அஷ்டமுடிக் காயலில் போய்ச் சேருகிற இடத்தில் கிடக்கும் சின்னச் சின்னத் திட்டுகள், அவற்றுக்கு நடுவே தென்னந்தோப்பையும் வீட்டுக் கொல்லையையும் உரசிக்கொண்டு ஓடும் வாய்க்கால்கள், அதில் வள்ளம் என்கிற சின்னப் படகைக் கழி ஊன்றி ஓட்டும் ஒரு வள்ளக்காரரை அமர்த்திக்கொண்டு நம் வீட்டு ஆட்கள் மட்டும் போய்வருவது. அவ்வளவுதான் விஷயம். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாக்கியிருக்கிறேன், நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கே: ஆலப்புழையில் ஹவுஸ்போட்டில் போனோம். ஏ.சி., சாப்பாடு எல்லாம் சரி, ஆனால் முன்னாலும் பின்னாலும் படகு வரிசை, ஓயாத எஞ்சின் சத்தம். நீங்கள் சொல்லும் இடமும் அப்படித்தானே ஆகப்போகிறது? எங்கள் ஊரிலிருந்து எப்படிப் போவது? (ராஜபாளையத்திலிருந்து ஒரு வாசகர்)

அங்கே ஹவுஸ்போட் நுழையவே முடியாது, வாய்க்கால்கள் அவ்வளவு குறுகல். சில இடங்களில் இரண்டு வள்ளம் எதிரெதிரே வந்தால் ஒன்று கரையோடு ஒட்டி நின்று மற்றதற்கு வழிவிட வேண்டும். கூட்டம் வருகிறது, குறிப்பாக விடுமுறை நாட்களில் காலை வேளையில் நன்றாகவே வருகிறது, ஆனால் ஒரு படகில் நாலு பேர் ஐந்து பேர் என்பதால் அது ஆலப்புழைக் கூட்டமாகத் தெரிவதில்லை.

வழி உங்களுக்கு ரொம்ப வசதி. சென்னை எழும்பூர் – கொல்லம் எக்ஸ்பிரஸ் உங்கள் ஊர் வழியாகவே போகிறது. பகலில் மலையைக் கடக்கும்படி ஒரு ரயிலைப் பார்த்து ஏறுங்கள், ஏனென்றால் செங்கோட்டை தாண்டியதும் நீங்கள் படகில் போகப்போகிற அதே ஆறு கூடவே வர ஆரம்பித்துவிடும். கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலத்துக்குக் கீழே சாலையை ஒட்டி ஓடுகிறதே, அது கல்லடா ஆற்றுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற கிளைகளில் ஒன்று. தென்மலையில் அணை. புனலூரில் 1877இல் கட்டிய தொங்கு பாலம் நிற்பதும் இதே ஆற்றின் மேல்தான். மலையில் பாறைக்குப் பாறை குதிக்கிற தண்ணீரைப் பார்த்துவிட்டு, அது ஓட்டம் தெரியாமல் காயலுக்குள் கலக்கிற இடத்துக்குப் போய் இறங்குகிறீர்கள். இந்தப் பாதை அகலப்பாதையாகி 2018இல் மறுபடி முழுதாகத் திறந்தார்கள், அதற்கு முன்னால் மீட்டர் கேஜில் போனவர்கள் ‘அந்தக் காலம் மாதிரி வராது’ என்பார்கள், விடுங்கள்.

கொல்லத்தில் இறங்கி, வடக்கே போகும் பாசஞ்சர் அல்லது மெமு ரயிலில் மன்றோதுருத்து நிலையம். சிறிய ஸ்டேஷன், பெரும்பாலான எக்ஸ்பிரஸ் நிற்காது. அதற்குச் சற்று முன்னால் வரும் பெருமண் பாலத்தில்தான் 1988 ஜூலை 8 அன்று ஐலண்ட் எக்ஸ்பிரஸ் காயலில் விழுந்து 105 பேர் இறந்தார்கள். ஜன்னல் வழியே இரண்டு பக்கமும் தண்ணீர் மட்டும் தெரியும் இடம் அது.

கே: காலை 6 மணி, மாலை 4 மணி என்று இரண்டு நேரம் சொல்கிறார்கள். எதை எடுத்துக்கொள்வது? சிலர் போட்ட படங்களில் வாய்க்கால் நிறையத் தண்ணீர், சிலர் படத்தில் வெறும் சேறு. எது உண்மை? (சென்னை வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகர்)

இரண்டும் உண்மை. தேதியைச் சொல்லாமல் மணியை மட்டும் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது, அதுதான் இந்த ஆற்றின் குணம்.

கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். ஏறி முடிந்ததிலிருந்து வற்றி முடிய ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும், அதனால் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிக்கொண்டே போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இந்த ஞாயிறு காலை 6 மணிக்குத் தண்ணீர் உச்சத்தில் இருந்தால், அடுத்த ஞாயிறு அதே 6 மணிக்கு அடிமட்டத்தில் இருக்கும். உங்கள் நண்பர் போன வாரம் எடுத்த படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு நீங்கள் இந்த வாரம் அதே நேரத்துக்குப் போய் நின்றால், சேற்றைத்தான் பார்ப்பீர்கள். அதற்கு வள்ளக்காரர் என்ன செய்வார்?

கொல்லம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றும் பெரிதில்லை, பௌர்ணமி, அமாவாசை மாதிரிப் பெரிய நாட்களிலேயே ஒரு மீட்டரை ஒட்டித்தான். குஜராத்தில் பாவ்நகர் பக்கம் அது 10 மீட்டரைத் தாண்டும். நீண்டகரை முகத்துவாரத்தில் உள்ளே நுழைந்து காயல் முழுவதும் பரவி மன்றோவுக்கு வந்து சேரும்போது அந்த ஒரு மீட்டரும் இன்னும் குறைந்துவிடும். இதற்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றலாம். ஆனால் நீங்கள் போவது முட்டளவு, இடுப்பளவு ஆழமுள்ள வாய்க்காலில். அங்கே அரை அடி கூடினாலும் குறைந்தாலும் பயணமே மாறிவிடும்.

எப்படி மாறும் என்றால், வாய்க்காலுக்குக் குறுக்கே வீட்டுக்கு வீடு சின்னச் சின்ன நடைபாலம் போட்டிருக்கிறார்கள். வள்ளம் அதன் கீழே போகும்போது, எதிர்ப்பக்கம் நிற்கிற வள்ளக்காரர் ‘தல, தல’ என்று குரல் கொடுப்பார், நாம் தலையை முழங்காலுக்கு நடுவில் புதைத்துக்கொள்ள வேண்டும், சிமெண்டுப் பலகையின் அடிப்பக்கப் பாசி காதோரம் நகர்ந்து போவது தெரியும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டித் தண்ணீர் முழு உச்சத்தில் இருக்கும்போது இந்தச் சந்தும் இருக்காது. வள்ளம் பாலத்துக்குக் கீழே போகாது. அப்போது அகலமான ஆற்றிலும் காயலிலுமே சுற்றிக்காட்டிக் கரையில் விட்டுவிடுவார்கள், நல்ல பகுதி தவறிப்போகும். நேர்மாறாக, தண்ணீர் அடியில் இருக்கும்போது வள்ளம் தரை தட்டும், கழியை ஊன்றினால் சேற்றில் பிடித்துக்கொள்ளும், ஒவ்வொரு முறையும் அவர் அதைத் திருகித் திருகிப் பிடுங்குவார். ஆனால் பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு அதுதான் நல்ல நேரம், கொக்கும் நாரையும் சேற்றில்தான் இரை தேடும்.

மற்ற எல்லோருக்கும் நான் சொல்வது, தண்ணீர் பாதி ஏறியிருக்க வேண்டும், இன்னும் ஏறிக்கொண்டும் இருக்க வேண்டும். ஏறும் தண்ணீரில் தரை தட்டினால் கொஞ்ச நேரத்தில் தண்ணீரே தூக்கிவிடும். வற்றும் தண்ணீரில் தட்டினால் இறங்கித் தள்ள வேண்டியதுதான். இது மன்றோவுக்கு மட்டுமில்லை, கடல் ஏறி இறங்குகிற எந்த ஆற்றுக்கும் பொருந்தும்.

சூரிய உதயமும் வேண்டும், பாதி ஏற்றமும் வேண்டும் என்றால் மணியை விட்டுவிட்டுத் தேதியை மாற்றுங்கள். இந்தியக் கடலோரத்துக்கான ஏற்ற வற்ற நேரங்களை ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடுகிறது, செல்போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: அதில் இருப்பது கடற்கரை நேரம். காயலைத் தாண்டி உள்ளே வரத் தண்ணீருக்கு அவகாசம் பிடிக்கும், மன்றோவில் உச்சம் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்பது அன்றைய காற்றையும் ஆற்றில் வரும் தண்ணீரையும் பொறுத்தது. முன்பதிவு செய்ய போன் பண்ணும்போது வள்ளக்காரரிடமே கேட்டுவிடுங்கள்: ‘சேட்டா, அந்த சமயம் வெள்ளம் கேறுவாணோ, இறங்குவாணோ?’ (தண்ணீர் ஏறிக்கொண்டிருக்குமா, இறங்கிக்கொண்டிருக்குமா?) உடனே பதில் வந்தால் அவர் சரியான ஆள். ‘எப்ப வந்தாலும் சூப்பரா இருக்கும் சார்’ என்று வந்தால் அவர் வள்ளக்காரர் இல்லை, தரகர்.

இன்னொன்று. நம் வீடுகளில் அஷ்டமி நவமி என்றால் எதையும் தொடங்கமாட்டார்கள். படகுக்கு அது நல்ல நாள். அந்தப் பக்கத்து நாட்களில் ஏற்றமும் சிறியது, வற்றமும் சிறியது, இழுப்பும் குறைவு, அதனால் எந்த நேரம் போனாலும் பெரிய ஏமாற்றம் இருக்காது. பெரியவர்களை வற்புறுத்திக் கிளப்புங்கள்.

கே: யாருக்கும் நீச்சல் தெரியாது. எழுபது வயது மாமியார், ஆறு வயது பையன். இவ்வளவு சின்னப் படகில் ஏறுவது ஆபத்தில்லையா? பெரிய படகுதானே பாதுகாப்பு? (கோவையிலிருந்து ஒரு வாசகி)

பெரிய படகு என்றால் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள் அம்மா. 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் கவிழ்ந்தது மாடி வைத்த சுற்றுலாப் படகு. இதே மாதிரி ஆறு கடலில் சேரும் இடத்தில், இருட்டிய பிறகு, அளவுக்கு மீறி ஆள் ஏற்றிப் போனது. 22 பேர் இறந்தார்கள், அதில் பலர் குழந்தைகள். எத்தனை பேர் ஏறுகிறார்கள், எந்த நேரத்தில் போகிறார்கள், லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கிறார்களா, இந்த மூன்றையும் பாருங்கள். படகு பெரிதா சிறிதா என்பது அப்புறம்.

மன்றோ வாய்க்கால்களில் ஆழம் குறைவு, கரை கைக்கெட்டும் தூரத்தில். அங்கே பெரிய பயம் ஒன்றும் இல்லை. ஆனால் வள்ளம் வாய்க்காலை விட்டு ஆற்றுக்கும் காயலுக்கும் வரும் இடங்கள் அப்படி இல்லை, அங்கே ஆழம் உண்டு, அதனால் ஏறும்போதே ஜாக்கெட் போட்டு வார் எல்லாம் மாட்டிக்கொள்ளுங்கள். பையனுக்குப் பையன் அளவு ஜாக்கெட் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். பெரியவர்களுடையதைக் குழந்தைக்கு மாட்டினால் தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மேலே மிதக்கும், குழந்தை கீழே நழுவிவிடும். இல்லை என்று சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள், இதில் முகதாட்சண்யம் வேண்டாம்.

உட்காருவதைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பல வள்ளங்களில் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வரிசையாகப் போட்டிருப்பார்கள். படத்தில் ராஜா மாதிரி இருக்கும். ஆனால் வள்ளத்தின் அடியில் உட்கார வேண்டிய எடையை முழங்கால் உயரத்துக்கு ஏற்றி வைத்தால் வள்ளம் ஆடத்தானே செய்யும்? நீங்களும் பையனும் நாற்காலியை எடுக்கச் சொல்லிவிட்டுப் பலகையிலோ பாயிலோ உட்காருங்கள். உங்கள் மாமியாருக்கு முழங்கால் மடங்காது என்றால் அவருக்கு மட்டும் ஒரு நாற்காலி, அதுவும் நட்ட நடுவில், நான்கு காலும் பலகையில் சரியாகப் பதிந்திருக்கும்படி.

ஏறுவதும் இறங்குவதும்தான் வயதானவர்களுக்கு உண்மையான சோதனை. தண்ணீர் ஏறியிருக்கும்போது வள்ளத்தின் விளிம்பு கரையோடு சமமாக வந்துவிடும், பஸ்ஸில் ஏறுவதை விட சுலபம். வற்றியிருக்கும்போது வழுக்கும் பாசிப் படியில் இரண்டு மூன்று படி இறங்க வேண்டியிருக்கும். ஆக, நேரம் பார்க்கச் சொன்னதில் இதுவும் சேர்த்தி. ஏறும்போது வள்ளக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு நடுப்பலகையில் கால் வைக்கச் சொல்லுங்கள். ஓரத்தில் வைத்தால் வள்ளம் அந்தப் பக்கம் சாயும், பயந்து எல்லோரும் எழுவார்கள், எழுந்தால் இன்னும் சாயும். செல்ஃபிக்காக எழுந்து நிற்கிற கணவர்களைக் கட்டுப்படுத்துவது உங்கள் பொறுப்பு.

கே: சென்னையில் குதிரை மேல் சேணமில்லாமல் உட்கார்ந்திருக்கிறாரே, அந்த மன்றோ பெயரா இது? (மயிலாடுதுறையிலிருந்து ஒரு வாசகர்)

இல்லை. அவர் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ. இவர் கர்னல் ஜான் மன்றோ, 1810 முதல் 1819 வரை திருவிதாங்கூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்தவர், நடுவில் சில வருடம் திவான் வேலையையும் சேர்த்துப் பார்த்தவர். இரண்டு பேரும் ஒரே காலத்தவர் என்பதால் குழப்பம் வருவது இயல்புதான்.

கே: போய்வந்தோம், அழகு. ஆனால் சில வாய்க்கால்களில் அழுகிய முட்டை நாற்றம். சாக்கடையை விடுகிறார்களா? (திருச்சியிலிருந்து ஒரு வாசகர்)

அது பெரும்பாலும் தேங்காய் மட்டை. கயிறு திரிக்கப் பச்சை மட்டையை உப்புத் தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறப்போடுவார்கள், ஆறு மாதம், அதற்கு மேலும். நார் பிரிய வேண்டுமென்றால் சதை அழுக வேண்டும், அழுகினால் நாறும். தண்ணீர் வற்றிய நேரத்தில் சேற்று நாற்றமும் சேர்ந்துகொள்ளும். அந்த மட்டையை அடித்துத் துவைத்து நாராக்கி வயிறு வளர்த்த குடும்பங்கள் அங்கே ஏராளம், நாமோ ஒரு மணி நேரம் மூக்கைப் பிடித்துக்கொள்கிறோம்.

கே: பெங்களூரில் இருக்கிறோம். காற்றடைக்கும் கயாக் இரண்டு வைத்திருக்கிறோம். யாரையும் அமர்த்தாமல் நாங்களே துடுப்புப் போட்டுக்கொண்டு போகலாமா? (ஓர் இளம் தம்பதி)

போகலாம், ஆனால் முதல் நாளே வேண்டாம். முதல் தடவை உள்ளூர் ஆளோடு வள்ளத்தில் போய் வாய்க்கால்களைப் பார்த்துக்கொள்ளுங்கள், எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், இரண்டு திருப்பம் தாண்டினால் எந்தப் பக்கம் வந்தோம் என்றே தெரியாது, முட்டுச்சந்துகளும் உண்டு. அங்கேயே கயாக்கும் வாடகைக்குக் கிடைக்கிறது, வழிகாட்டியும் கூட வருவார்.

தனியாகப் போகும்போது கிளம்பியதும் ஓட்டத்துக்கு எதிராகப் போங்கள். உடம்பில் தெம்பு இருக்கும்போது எதிர்த்துப் போய்விட்டால், களைத்துத் திரும்பும்போது தண்ணீரே கொண்டுவந்து சேர்க்கும். ஆனால் இந்த ஆற்றில் அதிலும் ஒரு சூழ்ச்சி இருக்கிறது: கடல் ஏறும் நேரத்தில் ஓட்டம் காயலிலிருந்து ஆற்றுக்குள் போகும், வற்றும் நேரத்தில் ஆற்றிலிருந்து காயலுக்குப் போகும், நடுவில் கொஞ்ச நேரம் எந்தப் பக்கமும் இல்லாமல் நிற்கும். நீங்கள் சுற்றிக்கொண்டிருக்கும்போதே அது மாறிவிட்டால் போகும்போதும் எதிர்ப்பு, வரும்போதும் எதிர்ப்பு. கரையில் நட்டிருக்கும் மூங்கில் கொம்பைப் பாருங்கள், அதன் எந்தப் பக்கம் தண்ணீர் சுழிக்கிறது என்று தெரிந்தால் போதும், ஓட்டம் அந்தப் பக்கம்தான் போகிறது.

மதியத்துக்கு மேல் கடல் காற்று எழுந்துவிடும். வாய்க்காலுக்குள் தெரியாது, தென்னை தடுத்துவிடும், ஆனால் திறந்த காயலுக்கு வந்தால் காற்றடைத்த கயாக்கை அது பந்தை உருட்டுகிற மாதிரி உருட்டும். காயலைக் குறுக்கே கடக்க ஆசைப்படாதீர்கள். மீன்காரர்களின் வலைக்கும் கொம்புக்கும் நடுவில் புகுந்து போகாதீர்கள், சுற்றிப் போங்கள். மோட்டார் பூட்டிய படகு என்றால் பதிவு, உரிமம் எல்லாம் வேண்டும், அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

கே: இதற்கு எதற்குக் கேரளா? எங்கள் பிச்சாவரம் போதாதா? (சிதம்பரத்திலிருந்து ஒரு வாசகர்)

பிச்சாவரம் பிச்சாவரம்தான், யார் இல்லை என்றது? வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், தலைக்கு மேல் கிளை பின்னிய சுரபுன்னைக் காட்டு ஓடைகளில் துடுப்புப் படகில் போகிற சுகம் வேறு. ஆனால் அது காடு. மன்றோவில் நீங்கள் போவது ஊருக்குள். ஒரு வீட்டம்மா படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பார், அடுத்த திருப்பத்தில் வாத்துக் கூட்டம், அதற்கடுத்து இறால் பண்ணை, ரேஷன் அரிசி மூட்டையோடு எதிரே ஒரு வள்ளம். எது பிடிக்கும் என்பது அவரவர் மனசு. ஆனால் பிச்சாவரத்திலும் தண்ணீர் ஏறி இறங்கும், மேலே சொன்னது அங்கேயும் செல்லும்.

கே: மன்றோ தீவு மூழ்கிக்கொண்டிருக்கிறது, வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது, ஜனங்கள் வெளியேறுகிறார்கள் என்று செய்தியில் பார்க்கிறோம். அங்கே போய் நாம் உல்லாசப் படகு விடுவது சரியா? நீங்கள் அதை எழுதவே இல்லையே. (நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகி)

நியாயமான கேள்வி. சுருக்கமாகச் சொல்ல முடியாத விஷயம் என்பதால் இந்த இதழுக்கு வைத்திருந்தேன்.

செய்தி உண்மை. மலையாள விருச்சிக மாதத்தில், அதாவது நம் கார்த்திகையில், ஏற்றம் வழக்கத்தை விட ஏறும். விருச்சிக வேலியேற்றம் என்று அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஐயப்பனுக்கு மாலை போட்டுக் கூட்டம் கூட்டமாக நம் ஆட்கள் கேரளாவுக்குள் போகிற அதே பருவம், சுற்றுலாவுக்கும் அதுதான் நல்ல பருவம். நாம் ‘வாய்க்கால் நிறையத் தண்ணீர், ஆஹா’ என்று படம் எடுக்கிற அன்று, அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டு முற்றத்தில் கணுக்கால் அளவு நிற்கும். கழிப்பறை நிரம்பும், அடுப்படிக்கு வரும், இறங்கும்போது உப்பை விட்டுவிட்டுப் போகும். வள்ளத்தில் போகும்போது வீட்டுச் சுவர்களைக் கவனியுங்கள்: அடியிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்குப் பூச்சு உதிர்ந்து, செங்கல் பொடிப்பொடியாக அரித்துப்போய் ஒரு கோடு இருக்கும். அதற்கு மேலே சுவர் நன்றாகத்தான் இருக்கும். வாசற்படி தரையோடு தரையாகப் போன வீடுகளும் உண்டு. நெல் விளைந்த வயல்கள் உப்பேறிப் போனபின் இறாலுக்கு மாறின. பல குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுக் குண்டறை, கொல்லம் என்று போய்விட்டன.

காரணம் கேட்டால் ஊர்க்காரர்கள் முதலில் கை காட்டுவது கிழக்கே, மலையை. இந்தத் திட்டுகள் எல்லாம் கல்லடா ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலால் ஆனவை. வெள்ளம் வந்தால் மேலே ஒரு படலம் மண் சேரும், அதுதான் தரையை மட்டத்துக்கு மேலே வைத்திருந்தது. 1986இல் தென்மலை அணை வேலை முடிந்தது. தண்ணீர் அங்கே நிற்கிறது, வண்டலும் அங்கேயே படிகிறது. மிச்சமிருந்த ஆற்று மணலைப் பல வருடம் லாரி லாரியாக அள்ளினார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு எல்லாம் மோசமானது என்பது பலருடைய அனுபவம், ரயில் அதிர்வைச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதோடு கடல் மட்டமும் ஏறிவருகிறது. எந்தக் காரணம் எத்தனை பங்கு என்பதில் சண்டை இருக்கலாம், ஆனால் கொண்டுவந்து போடுகிற கை நின்றுபோனால் தரை தாழும் என்பதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, போகலாமா? போகலாம் என்றுதான் சொல்வேன். கயிற்றுத் தொழில் மெலிந்து, நெல் போய், தென்னையும் காய்ப்பு குறைந்த ஊரில் வள்ளம் ஓட்டிக் கிடைக்கிற கூலி பல வீடுகளுக்கு முக்கியமான வரும்படி. ஆனால் அந்தக் காசு அங்கே தங்க வேண்டும். கொல்லத்திலோ கொச்சியிலோ இருக்கிற ஏஜென்சிக்கு மொத்தமாகக் கட்டினால் கழி ஊன்றுகிறவருக்கு எவ்வளவு போகிறது என்பது உங்களுக்குத் தெரியப்போவதில்லை. துருத்திலேயே வீட்டோடு வள்ளம் வைத்திருப்பவர்களை நேரே கேளுங்கள், அல்லது மாவட்ட சுற்றுலாக் கழகம் மூலம் போங்கள்.

அடுத்து, கழி ஊன்றும் வள்ளத்தில் மட்டும் போங்கள். வாய்க்காலுக்குள் மோட்டார் படகு கிளப்பும் அலை கரையை அரிக்கும். அந்தக் கரை என்பது மண்ணும் தென்னை மட்டையும் கொஞ்சம் கல்லும் வைத்து அவர்களே கட்டியது, தண்ணீர் ஏறும் நாளில் அதை விட்டால் வேறு தடுப்பு இல்லை.

வாய்க்கால் அவர்களுக்குத் தெரு, குளியலறையும் அதுவே. விடிகாலையில் படியில் குளிப்பவர்கள் இருப்பார்கள், கேமராவை இறக்குங்கள். புளூடூத் ஸ்பீக்கரைக் கரையிலேயே விட்டுவிடுங்கள், தயவுசெய்து.

கே: ஜூன் முதல் வாரம்தான் எங்களுக்கு விடுமுறை கிடைக்கும். போகலாமா? (துபாயிலிருந்து ஒரு வாசகர்)

தென்மேற்குப் பருவமழை தொடங்குகிற வாரம் அது. ஆற்றில் மலைத்தண்ணீர் வந்துவிட்டால் மேலே சொன்ன ஏற்ற வற்றக் கணக்கெல்லாம் எடுபடாது, இழுப்பும் பலமாக இருக்கும், வள்ளக்காரர்களே மறுத்துவிடுவார்கள். மழை விட்ட ஒரு நாள் அமையலாம், அதை நம்பி விமான டிக்கெட் போடாதீர்கள். நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை பாருங்கள்.

கே: சாப்பாடு? (அதே ராஜபாளையத்துக்காரர், இரண்டாவது கடிதம்)

வீட்டுச் சாப்பாட்டுக்கு வள்ளக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிட்டால், அவர் வீட்டிலேயோ பக்கத்து வீட்டிலேயோ கரிமீன் வறுத்து, இறால் போட்டு, தேங்காய் அரைத்த குழம்போடு தருவார்கள். கரிமீனுக்கு எடைக்கு விலை, முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள், சாப்பிட்டபின் பேரம் பேசுவது அசிங்கம். அஷ்டமுடி மட்டிச் சிப்பி பெயர் போனது, 2014இல் அந்த மட்டி அள்ளும் தொழிலுக்கு, இந்தியாவிலேயே முதலாவதாக, வளம் கெடாமல் அள்ளுகிறார்கள் என்ற எம்.எஸ்.சி. உலகச் சான்று கிடைத்தது. முட்டையிடும் பருவம் என்பதால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அதை அள்ளத் தடை. அந்த மாதங்களில் யாராவது ‘இன்று காலை அள்ளியது சார்’ என்று தட்டை நீட்டினால், சிரித்துவிட்டுக் கரிமீனையே வாங்குங்கள்.